கறுப்புக் கட்டத்துக்குள் சிரித்த குழந்தை

1

இல்லை என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிற ஒருத்தியிடம் ஒரு பொருளைக் கேட்டால், அது கேட்டதாகுமா, எடுத்துக்கொண்டதாகுமா? நாலு வருஷமாக எனக்கு விடை தெரியவில்லை. புதுச்சேரியை விட்டு வந்து ஒன்றரை வருஷமாகிறது. பிரான்ஸில் துலோன் என்ற இந்தத் துறைமுக ஊரில், மூன்றாவது மாடியில், துணி காயாத குளிரில் உட்கார்ந்துகொண்டும் அதையேதான் யோசிக்கிறேன்.

போன வாரம் வரைக்கும் ஓரளவு மறந்திருந்தேன். வியாழக்கிழமை இங்கே பள்ளிக்கூடம் கிடையாது. என் மகன் ரவியைக் குழந்தைகள் மருத்துவ நிலையத்துக்கு எடைபார்க்க அழைத்துப்போயிருந்தேன். அவனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. அங்கே இருக்கிற நர்ஸ் நல்ல மனுஷி. நாங்கள் வந்த புதிதில் அவனுக்கு நெஞ்சுச்சளி கட்டியபோது, மழையில் மூன்று மாடி ஏறி வந்து பார்த்தவள். அன்றைக்கு அவன் தராசில் உட்கார்ந்து சிரித்ததை ஒருவர் படமெடுத்தார். நர்ஸ் ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினாள். தடுப்பூசிப் பிரசாரத்துக்காக அந்தப் படத்தை உள்ளூர்ப் பத்திரிகையில் போடப்போகிறார்களாம். தாயோ தகப்பனோ சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தாளில் பெயர், பிறந்த ஊர், எந்த நாட்டுப் பிரஜை என்று வரிசையாகக் கட்டங்கள். பிறந்த ஊர் என்ற இடத்தில் 'புதுச்சேரி' என்று எழுதினேன். அது பிரான்ஸா இந்தியாவா என்று நர்ஸ் கேட்டாள். இந்த வருஷம்தான் ஊரை இந்தியாவுக்குக் கொடுக்கிற காகிதங்கள் எல்லாம் முடிந்தன என்று கேள்வி. நான் பிறந்தபோது பிரான்ஸ், இப்போது இந்தியா என்றேன். என் பிரெஞ்சு வாக்கியத்தில் ஏதோ பிசகியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ரவி என்னைத் திருத்தினான். நர்ஸ் அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். பள்ளியில் பிரெஞ்சுக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். அந்த நேரத்துக்கு எனக்கு வந்தது 'உய்' என்ற ஒரு சொல்தான். ஆமாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வெளியே வந்த பிறகுதான் அற்புதம் என்ற ஒரு தாயின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

2

நான் புதுச்சேரியில், உப்பளம் என்ற பகுதியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பிள்ளைப்பேறு பார்ப்பது, பிறகு வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது, இதுதான் வேலை. நெல்லித்தோப்பில் என் வீடு. அந்த வருஷம் எனக்கு வயிற்றில் ஐந்தாம் மாதம்.

கோடை வந்தால் கைக்குழந்தைகளுக்குப் பேதி வரும். பேதியைவிடப் பெரிய எதிரி எங்கள் வீடுகளில் இருந்த ஒரு வழக்கம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் பாலையும் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். "வயிறு காயட்டும், தானா நின்னுடும்" என்பார்கள். காய்ந்து, கண் உள்ளே போய், உச்சி பள்ளமான பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வந்து சேர்கிற நேரத்தில் எங்கள் கையில் அதிகம் இருக்காது.

அற்புதம் அப்படி வரவில்லை. அவளுக்கு இருபது வயதிருக்கும். மகள் ரோசலிக்குப் பத்து மாதம். பேதி தொடங்கிய அன்றே, தண்ணீர் கொடுக்காதே என்று தெருவே சொல்லியும் கேட்காமல், ஒரு சொம்பில் கொதித்து ஆறிய தண்ணீரை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் சங்கில் புகட்டிக்கொண்டே நடந்து வந்தாள்.

"யார் சொன்னா ஒனக்கு, தண்ணி குடுக்கச் சொல்லி?" என்று கேட்டேன்.

"நீங்கதான் நர்ஸம்மா. போன மாசம் எதுத்த வூட்டுக்காரிக்குச் சொல்லிட்டுருந்தீங்க. நான் கதவாண்ட நின்னு கேட்டேன்."

மூன்று நாளில் குழந்தை தேறிவிட்டது. எங்கள் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ ஒவ்வொரு வாசலா நின்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஐப்பசி மழை வந்துடும். பத்திரிகைல போடச் சொல்லு. சினிமாக் கொட்டாயில சிலைடு போடச் சொல்லு. தண்டோரா போடறவனைப் பாரு. ஊர் முழுக்கத் தெரியணும்."

சொன்னால் செய்துவிடுவேன். அதுதான் என் குணம். அது நல்ல குணமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

முதலில் பிரெஞ்சில் வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகையின் அலுவலகத்துக்குப் போனேன். பேதி வருகிற வீடுகளில் தங்கள் பத்திரிகையை வாங்குவதில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. அதன் ஆசிரியரும் அச்சகக்காரரும் கோதண்டம் என்ற ஒருவரே. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் அடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் அவர் வாரப் பத்திரிகை போட்டார். நான் எழுதிக்கொண்டுபோன இரண்டு பக்கத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"நர்ஸம்மா, எழுத்து நல்லாருக்கு. ஆனா பேதியை மொதப் பக்கத்துல போட்டா, காலையில காப்பியும் கையுமா உக்காந்துருக்கறவன் என்னா பண்ணுவான்?"

"படிக்கட்டும் ஐயா. அவன் வீட்டுலயும் குழந்தை இருக்கும்."

"படிக்க மாட்டான். திருப்பிடுவான். சேதின்னா அதுக்கு ஒரு மொகம் வேணும். அந்தப் பொழச்ச கொழந்த இருக்குன்னீங்களே, அது படம் ஒண்ணு கொண்டாங்க. மொதப் பக்கத்துலயே போடறேன். படத்தை அச்சடிக்க பிளாக் செய்யற செலவு என்னோடது."

முதல் பக்கம் என்றதும் எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை.

3

அற்புதத்தின் புருஷன் அந்துவான் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களை அப்படித்தான் சொல்வோம். ஆப்பிரிக்காவில், ஜிபூத்தியில் இருந்தான். ரோசலி வயிற்றில் இருக்கும்போது போனவன். மகளை அவன் பார்த்ததே இல்லை. அடுத்த தை மாதம் அவனுக்கு லீவு. வீட்டுச் சுவரில் கரிக்கோடாக அற்புதம் மாதங்களைக் கிழித்து வைத்திருந்தாள்.

நான் போனபோது குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஈரக்கையோடு எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டேன். நின்றுகொண்டு கேட்டிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது. அற்பமான யோசனைதான்.

படம் என்று ஒன்றுதான் அவளிடம் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. இரண்டு பிரதி போட்டு, ஒன்றை அந்துவானுக்கு அனுப்பியிருந்தாள், மற்றது மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நெற்றியில் சுருட்டை முடி, பல் இல்லாத சிரிப்பு.

"பத்திரிகைல போட்டா கண்ணு படுமேம்மா?" என்றாள்.

"நூறு குழந்தைங்களுக்கு நல்லது நடக்கும், அற்புதம்."

அவள் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். துவட்டி முடிந்த பிறகும் துவட்டினாள். பிறகு படத்தைக் கழற்றித் தந்தாள்.

"நீங்க கேட்டு இல்லேன்னு சொல்லுவேனா? இது உசுரே நீங்க குடுத்தது."

நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாக வேறு எடுத்துக்கொண்டேன்.

வாசல்வரை வந்தவள் கேட்டாள். "அச்சுல வந்ததும் அவருக்கு ஒண்ணு அனுப்பலாமாம்மா? பெருமைப்படுவாரு. ஆனா அவருக்குத் தமிழு பேசத்தான் வரும், படிக்க வராது. சின்னதுலேருந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். எனக்கு ரெண்டுமே வராது."

"நான் பிரெஞ்சுல கடுதாசி எழுதித் தரேன். அதுல எல்லாம் சொல்லிடலாம்."

அவளுக்கு எப்போதும் நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அவனிடமிருந்து வருவதையும் நான்தான் படித்துச் சொல்வேன். அந்தக் குடும்பத்தில் புருஷனும் பெண்டாட்டியும் என் வாய் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள் என்றால் பொய்யில்லை.

4

பத்திரிகை வெளிவந்த காலையில் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், கையில் சொம்பு. எனக்குக் கால் தரையில் படவில்லை. பத்துமணி வாக்கில் ஒருத்தி வந்து, "நர்ஸம்மா, அந்த சொல்தா வூட்டுக் கொழந்த எப்ப செத்துது? நேத்துகூடப் பாத்தேனே" என்றாள்.

வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அற்புதத்தின் வாசலில் செருப்புகள். உள்ளே நாலைந்து பெண்கள் தலைவிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரோசலி ஒரு மரக்கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அழ வந்தவர்களுக்கு அழவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு போட்ட அறிவிப்பு அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு முகம் இருந்தால் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது சாவுச் சேதி. கோதண்டம் ரோசலியின் படத்துக்கு அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தார். அவர் பத்திரிகையில் அதுவரை படம் வந்தவர்கள் எல்லாம் செத்தவர்கள். அச்சகத்தில் படத்துக்கென்று இருந்த கோடு அது ஒன்றுதான்.

தலைப்பில் 'பிழைத்த குழந்தை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். மற்றவர்கள் பார்த்தார்கள்.

நான் அற்புதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோடு அழகுக்குப் போட்டது, தப்பா நினைச்சிக்காதே" என்றேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டாள். "அட போ! செத்துட்டான்னு சேதி வந்து பொழச்சிருக்கறவங்களுக்கு ஆயுசு கெட்டிடீ. ஒம்பொண்ணு நூறு வயசு இருந்து நம்ம எல்லாத்தையும் தூக்கி அனுப்பும், பாரேன்!" எல்லாரும் சிரித்தார்கள். அற்புதமும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்தேன்.

அன்றைக்கே ஒரு பிரதியை அந்துவானுக்குத் தபாலில் சேர்த்தோம். இரண்டு முனையும் திறந்த சுருளாக, அச்சுத் தபாலில். அதற்குள் கடிதம் வைக்கக்கூடாது என்பது தபால் விதி. "கடுதாசி தனியா நாளைக்கு எழுதித் தரேன்" என்று சொன்னேன்.

மறுநாள் சினிமாக் கொட்டகைக்காரரைப் பார்க்கப் போனேன். அதற்கடுத்த நாள் அரியாங்குப்பத்தில் தண்டோரா. ஆற்றைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டே போனேன். பிறகு டாக்டரம்மா மேலதிகாரிகளுக்கு அறிக்கை எழுதச் சொன்னார். பிரசாரம் வெற்றி, எல்லாரும் பாராட்டினார்கள். அற்புதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். நான் வேலையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனாள். கடிதத்தை நான் எழுதியது பதினோராம் நாள். பத்திரிகை போன கப்பலுக்கு அடுத்த கப்பலில்தான் அது போனது.

5

ஒன்றரை மாதம் கழித்து, பிறப்பு இறப்புப் பதிகிற அலுவலகத்திலிருந்து ஒரு சேவகன் அற்புதம் வீட்டுக்கு வந்தான். நான் தற்செயலாக அங்கே இருந்தேன்.

"அற்புதம் யாரு? கொழந்த எப்ப செத்துது?"

அற்புதம் இடுப்பிலிருந்த ரோசலியைப் பார்த்தாள். "எந்தக் கொழந்தைங்க?"

"ரோசலி. பத்து மாசம். பட்டாளத்துலேருந்து கேட்டு எழுதியிருக்கான், சாவுப் பதிவு அனுப்புன்னு. புஸ்தகத்துல பாத்தா இல்ல. சாவைப் பதியாம வுட்டா அபராதம் தெரியுமில்ல?"

"இதாங்க ரோசலி."

அவன் நம்பவில்லை. "இது யார் கொழந்த?" என்றான்.

மறுநாள் ரோசலியைத் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனோம். பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் வருஷா வருஷம் நேரில் வந்து, தாங்கள் உயிரோடிருக்கிறோம் என்று சான்றிதழ் வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். அந்த நாளாகப் பார்த்துப் போய்விட்டோம். கோட்டும் மெடலுமாக ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள். குமாஸ்தா எங்களையும் அதே பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவருக்கும் வேறு படிவம் இல்லை. பக்கத்திலிருந்த பெரியவர் குழந்தையின் மோவாயைத் தொட்டார்.

"எனக்கு எழுபத்தெட்டு. நான் உசுரோட இருக்கேன்னு வருஷம் பூரா இவனுங்க நம்ப மாட்டேங்கறானுங்க. ஒன்னை ஒரு வயசு ஆகறதுக்குள்ளயே நம்பலியா, தாயி?"

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். குமாஸ்தா, இந்தக் குழந்தைதான் அந்தக் குழந்தை என்பதற்குச் சாட்சி யார் என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரமே அந்துவானின் கடிதம் வந்தது. நான்தான் பிரிக்க வேண்டும், நான்தான் படிக்க வேண்டும். என் கடிதம் கிடைப்பதற்கு முன்னால் எழுதியது. பிரெஞ்சில் மூன்றே பத்தி.

சுருளைப் பிரித்ததும் தன் சட்டைப்பையில் இருக்கிற அதே படம், அதைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். எழுத்து ஒன்றும் புரியவில்லை. அவன் பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் முகாமை விட்டுக் கிளம்பித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறான், கிழக்கே போகிற ஏதாவது கப்பலில் ஏறிவிடலாம் என்று. பிடித்துவிட்டார்கள். கை மேல் இருந்த பதவிப் பட்டை போயிற்று. தை மாத லீவு போயிற்று. அடுத்த லீவு எப்போது என்று சொல்ல மாட்டார்கள். இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் கேட்டிருந்தான்: 'எனக்குச் சொல்லாமல் அவளை எங்கே புதைத்தாய்?'

அந்த வரியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அற்புதம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தேன். தமிழில் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது, நானே அவளைக் கேட்பதுபோல் இருந்தது.

ரோசலி அவள் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அற்புதம் அதை மெதுவாக எடுத்துவிட்டாள். பிறகு எழுந்து, சுவரில் இருந்த கரிக்கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"பரவாயில்லம்மா. நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க."

அந்துவான் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ரோசலிக்கு மூன்று வயது. வாசலில் இறங்கியவனைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதாம். லீவு முடிந்து அவன் திரும்பிப் போகிற வாரத்தில்தான் மடியில் வந்து உட்கார்ந்ததாம். "அதுக்குள்ள கெளம்பிட்டாரு" என்றாள் அற்புதம். அன்றைக்கும் என் மீது ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேனோ என்னவோ.

6

இன்னொன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடமும்.

அச்சுக்குப் போகும் முன் கோதண்டம் எனக்கு புரூஃப் காட்டினார். மை ஈரம் காயாத தாள். என் கட்டுரையில் இரண்டு எழுத்துப்பிழை திருத்தினேன். பிறகு படத்தைப் பார்த்தேன். கோட்டையும் பார்த்தேன். நெல்லித்தோப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தக் கோடு என்ன சொல்லும் என்று தெரியாதவள் இல்லை.

"ஐயா, இது கருமாதிக் கோடாச்சே?" என்றேன்.

"பளிச்சுனு தெரியணும்ல, நர்ஸம்மா. தாண்டிப் போறவன் நிப்பான்ல. வேணாம்னா எடுத்துடறேன். மெல்லிசாப் போட்டா யாரு பாப்பா, அதையும் சொல்லிடுங்க."

நான் யோசித்தேன். ஒரு தடவை மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருக்கும். பயந்தால் நிற்பார்கள், நின்றால் படிப்பார்கள், படித்தால் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பார்கள் என்று என் புத்தி வேகமாகக் கணக்குப் போட்டது. "இருக்கட்டும்" என்றேன்.

அது பலித்தது என்பதுதான் என்னை அதிகமாக வாட்டுகிறது. அந்தக் கோடையில் தாய்மார்கள் நேரத்தோடு வந்தார்கள். அந்தக் கறுப்புக் கட்டத்தைக் கண்டு பயந்து வந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகள் இன்றைக்கு ஓடி விளையாடுகின்றன. மெல்லிய கோடு போட்டிருந்தால் அவர்களில் யாராவது வராமல் இருந்திருப்பார்களா? தெரியாது. அவர்களை ஒரு தட்டிலும், கதவுக்குப் பின்னால் ஒளிந்த ஒரு குழந்தையை மறு தட்டிலும் வைத்துப் பார்க்க எனக்கு உரிமை உண்டா? அதுவும் தெரியாது. கோட்டையாவது ஒரு நியாயம் சொல்லித் தாங்கிக்கொள்ளலாம். தள்ளிப்போட்ட அந்தப் பதினோரு நாளுக்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

7

ரவியின் படம் முந்தாநாள் இங்கே பத்திரிகையில் வந்தது. நான் முதலில் பார்த்தது ஓரத்தைத்தான். கோடே இல்லை. வெறும் வெள்ளைதான். இந்த ஊரில் யாரும் எங்கள் வாசலில் வந்து நிற்கவில்லை. ரொட்டிக் கடைக்காரி மட்டும் அவனைப் பார்த்துக் கைதட்டினாள். நர்ஸ் எனக்கென்று இரண்டு பிரதி எடுத்து வைத்திருந்தாள். "உங்களுக்குச் சந்தோஷம்தானே?" என்று கேட்டாள். மறுபடியும் 'உய்' என்றேன்.

கேட்டவள் நல்லவள். காரியம் நல்ல காரியம். கெடுதல் ஒன்றும் நடக்கவும் இல்லை. இருந்தும் என் மகன் படத்தை நான் கொடுத்தேனா என்றால், கொடுத்ததாக எனக்கே நினைவில்லை. தாள் நகர்ந்து வந்தது, கை கையெழுத்துப் போட்டது. அற்புதம் அன்றைக்குக் குழந்தையின் தலையை ஏன் அவ்வளவு நேரம் துவட்டினாள் என்று நாலு வருஷம் கழித்து இப்போதுதான் புரிகிறது.

ஒரு பிரதியை நெல்லித்தோப்பில் இருக்கும் என் அம்மாவுக்கு அனுப்பினேன். அச்சுத் தபாலில் அல்ல. உறைக்குள் கடிதத்தோடு சேர்த்து வைத்து, ஒட்டி, இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டேன். ரவி கேட்டான், பிரெஞ்சில்தான், அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று. அவனுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்க உட்காருகிறேன். 'அ' போடுவதற்குள் ஜன்னலுக்கு ஓடிவிடுகிறான். அவன் சட்டைப்பையில் ஒரு நாள் நான் அனுப்பிய தாள் இருந்து, அதை அவனால் படிக்க முடியாமல் போகுமோ என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் அவனை இழுத்து வந்து உட்காரவைக்கிறேன்.

இப்போது இதைப் படிக்கிற உங்களிடம் வருகிறேன்.

அற்புதத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கோட்டைப் பற்றி, புரூஃபில் நான் சொன்ன அந்த 'இருக்கட்டும்' பற்றி, பதினோரு நாளைப் பற்றி எல்லாம் அதில் இருக்கிறது. மன்னித்துவிடு என்று முடித்திருக்கிறேன். அனுப்பப் பயமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதும் அவளிடம் ஒன்றைக் கேட்பதுதானே. நான் கேட்டால் அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள். இன்னொரு தடவை 'பரவாயில்லம்மா' என்பாள். அதை வாங்கிக்கொள்வதற்காகவா நான் எழுதுகிறேன்?

அதோடு அவளுக்குப் படிக்கத் தெரியாது. உப்பளத்தில் யாராவது படித்துக் காட்ட வேண்டும். படிக்கிறவர் வழியாகத் தெருவுக்குத் தெரியும். அவள் வீட்டுச் சங்கதியை மறுபடியும் நானே ஊருக்குச் சொன்னதாகும். இந்தக் குறிப்புகளையே அவளைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். அது போதுமா என்றும் எனக்குத் தெரியவில்லை. இதைப் பிரசுரிக்கிற பத்திரிகை ஆசிரியர் அவர்கள் இதோடு படம் எதுவும் போடாமலிருந்தால் நல்லது.

என் அம்மா எழுதியிருந்தாள், ரோசலிக்கு ஐந்து வயது ஆகிவிட்டதாம். அதைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று அந்துவான் ஜிபூத்தியிலிருந்து கண்டிப்பாக எழுதிவிட்டானாம். சிலேட்டு வாங்கியாகிவிட்டதாம். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அது எழுத்துக்கூட்டிப் படிக்கும். அதுவரை பொறுத்திருந்து, அந்தக் குழந்தையே தன் தாய்க்குப் படித்துக் காட்டும்படி அனுப்பலாமா? இது அதைப் பற்றிய கதை, அதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. மறு சமயம், பதினோரு நாள் தள்ளிப்போட்டவள் இப்போது மூன்று வருஷம் தள்ளிப்போடச் சாக்குத் தேடுகிறாள் என்று தோன்றுகிறது.

உறையின் மேல் விலாசம் எழுதிவிட்டேன். இன்னும் ஒட்டவில்லை. நீங்கள் அற்புதத்தின் இடத்தில் இருந்தால், இந்தக் கடிதம் இப்போதே உங்கள் கைக்கு வர விரும்புவீர்களா, உங்கள் மகள் படிக்கக் கற்ற பிறகா, அல்லது வராமலே இருப்பதையா? குழந்தை பெற்றவர்கள் யாராவது யோசித்து எனக்கு எழுதுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள்.